இதர செலவுகள்

பி.காம். படித்தவன் வீட்டில் கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. டைரியில் கிறுக்கி வைப்பதோடு சரி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று ரோஷம் வந்து, ஒரு வருஷச் செலவையும் எக்ஸெலில் ஏற்றினேன். பால், பெட்ரோல், மொய், மாத்திரை என்று நூற்றுச் சொச்சம் அயிட்டங்கள்.

வெறும் பட்டியலால் பிரயோஜனமில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உணவு, வாகனம், படிப்பு என்று ஒரு தலைப்பு கொடுக்க வேண்டும். பிறகு 'பிவட் டேபிள்' போட்டால் தலைப்புவாரியாகக் கூட்டிக் கொடுத்துவிடும். இந்த வித்தைக்கு மூலவர், லோட்டஸ் கம்பெனியில் இருந்த பிட்டோ சாலஸ். அவர் யோசனையில் 1991-ல் வந்தது 'இம்ப்ராவ்' என்ற மென்பொருள். தலைப்பைப் பிடித்து இடம் மாற்றினால் போதும், அதே கணக்கு வேறு கோணத்தில் தெரியும். இம்ப்ராவ் சந்தையில் நிற்கவில்லை, யோசனை நின்றுவிட்டது.

எதில் சேர்ப்பது என்று தெரியாததையெல்லாம் 'இதர' என்று தள்ளினேன். காலேஜில் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று படித்திருக்கிறோம். பற்றும் வரவும் இடித்தால், வித்தியாசத்தை அதில் போட்டு வைத்து, தப்பைக் கண்டுபிடித்ததும் எடுத்துவிட வேண்டும். நடைமுறையில் யார் எடுக்கிறோம்?

அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு ஃபார்முலா போட்டேன். உணவுக்கு 8 சதவீதம் கூட்டு. 'இதர'வில் 20 சதவீதம் வெட்டு. சிக்கனம்! எனக்கே பெருமையாக இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அத்தைக்கு மாசாமாசம் அனுப்பற மூவாயிரம் எங்கே?"

தேடினேன். 'இதர'வில் இருந்தது, செருப்பு தைத்த கூலிக்குக் கீழே. அடுத்த வருஷத்துக்கு 2,400 ஆகியிருந்தது. வெட்டியது நான்தான். அம்மாவை வெட்டுகிறேன் என்று தெரியாமலே வெட்டியிருக்கிறேன்.

"பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு, யாருக்காகன்னு எழுதுங்களேன்" என்றாள்.

எழுதினேன். பட்டியல் மாறவில்லை. மொத்தத் தொகையும் அதேதான். ஆனால் அம்மா என்று தனியாக ஒரு வரி வந்தது. அந்த மூவாயிரத்தை நான் ஏற்றி எத்தனை வருஷமாயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன். மாத்திரை விலை சும்மாவா இருந்திருக்கும்?

நீங்களும் பட்ஜெட் போடுவீர்கள். சதவீதத்தில் கை வைப்பதற்கு முன்னால், 'இதர'வில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"என்னடா, இன்னிக்கு ஒண்ணாந்தேதி இல்லையே?" என்றாள்.