நாலு போகம் உழைத்த கால்

வீரபாண்டியில் இறங்கி வழி கேட்டால் எல்லோரும் கௌமாரியம்மன் கோயிலுக்குத்தான் கை காட்டுகிறார்கள். நான் போக வேண்டியிருந்தது ஒரு கல்யாண மண்டபத்துக்கு. உள்ளே செயற்கைக்கால் முகாம். பந்தி மேசைகளில் இலைக்குப் பதிலாக வரிசையாகக் கால்கள்.

பெரும்பாலும் ஜெய்ப்பூர் கால்தான். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியது. உள்ளே மரக்கட்டையும் நுண்துளை ரப்பரும், மேலே தோல் நிறத்தில் ரப்பர் உறை. செருப்பில்லாமல் வரப்பில் நடக்கலாம், குத்தவைத்து உட்காரலாம்.

புதுக்கால் மாட்டும் இடத்தில் கூட்டம். எனக்குப் பழுது பார்க்கும் மூலைதான் பிடித்தது. மதுரையிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன், நடவு வேலைக்குப் போகும் ஒருவரின் பழைய பாதத்தைக் கையில் எடுத்தார். பாதத்தின் மேல் மாவுக்கட்டுப் பொடியைத் தேய்த்துத் துணியால் துடைத்தார். விரல்கள் மடங்கும் இடத்தில் முடிக்கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. குதிகாலைச் சுண்டிப் பார்த்தார்; சத்தம் பொத்தென்று வந்தது. உள்ளே ரப்பர் கட்டையை விட்டுவிட்டதாம்.

"வெயிட்டு தாங்காம ஒடையிறது ரொம்பக் கம்மி சார். மடங்கி மடங்கித்தான் போகும்."

பொறியியலில் இதற்குப் பெயர் சோர்வு முறிவு. ஒருமுறை தந்தால் எளிதாகத் தாங்கும் சுமையே லட்சக்கணக்கான முறை திரும்பி வரும்போது விரிசலை வளர்த்துவிடும். இதயத்துக்குள் வைக்கும் வால்வு என்றால் கணக்கு கோடிகளில். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் செயற்கை வால்வு 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் ஒரு மாதிரி, பற்றவைத்த இடத்தில் முறிந்திருந்தது. செயற்கைப் பாதங்களுக்கு ஐஎஸ்ஓ 10328 தரத்தில் 20 லட்சம் சுழற்சி. குதிகாலையும் முன்பாதத்தையும் இயந்திரம் மாறி மாறி அமுக்கும். விநாடிக்கு ஒன்று என்றால் 23 நாளில் முடிந்துவிடும். அந்தக் காலில் நாளைக்கு நாலாயிரம் எட்டு வைக்கும் மனிதருக்கு அதே கணக்கு 500 நாள். ஆனால் அந்தச் சோதனையில் சேறு கிடையாது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலில் ஒவ்வொரு எட்டுக்கும் காலைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

"எத்தனை நாளாச்சுண்ணே மாட்டி?"

"நாலு போகம் ஆச்சு தம்பி."

ஆய்வகத்தில் கிடைக்காத தகவல் இது. முகாம் பதிவேட்டில் பெயர், வயது, இடதா வலதா எல்லாம் உண்டு. பழசு எத்தனை நாள் உழைத்தது, எங்கே விட்டது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. இது சோம்பல்தான், வேறென்ன?

மீதிக்கால் நுழையும் சாக்கெட் நன்றாக இருந்ததால் பாதத்தை மட்டும் மாற்றினார்கள். பெரியவர் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, பழசையும் கேட்டார்.

"புதுசு கோயில் குளத்துக்கு இருக்கட்டும். சேத்துக்கு அது போதும்ல?"

"வரப்புல மடிஞ்சுச்சுன்னா விழுந்து வைப்பீக. தர மாட்டேண்ணே" என்று டெக்னீஷியன் அதைச் சாக்குக்குள் போட்டார். பெரியவர் விடுவதாக இல்லை.