மாமாவின் 43 ஃபைல்கள்

போன்ல பாட்டு ஓடலைங்கறதெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க மக்களே. சினிமாப் பாட்டா இருந்தா நானும் கவலைப்பட்டிருக்க மாட்டேன், நெட்டில் எங்கேயாவது கிடைச்சுடும். இது வேற எங்கேயும் கிடைக்காத சமாச்சாரம்.

என் மாமா பச்சைமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். இப்போ ஸ்ரீரங்கத்தில் இருக்கார். துறையூர் தாண்டி மலை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. அதைச் சுற்றி மலையாளி மக்கள் வாழும் ஊர்கள் (கேரளா இல்லீங்க, கொல்லிமலை, கல்வராயன் மலையிலும் இருக்கிற, தமிழ் பேசும் பழங்குடிகள்). அவங்க பாடின தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாத்தையும் மாமா அந்தந்தக் காலத்தில் கையில் கிடைத்த கருவியில் பதிவு பண்ணி வச்சிருக்கார். கேசட்டுகள் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த ஃபைல்கள்தான் மிச்சம்.

போன வருஷம் அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி, எல்லாத்தையும் அதில் போட்டோம். மொத்தம் 43. ஓடினது 21. மீதி 22 வாயே திறக்கலை.

"எல்லாம் அழிஞ்சு போச்சாப்பா?" என்றார். முகம் வாடிப் போச்சு.

"அழியலை மாமா. இந்த போனுக்கு அதைப் படிக்கத் தெரியலை, அவ்வளவுதான்."

அந்த 43-ல் மூணு ஜாதி இருந்தது:

1) ஏஎம்ஆர் - 21. பழைய நோக்கியா போனில் பதிவு பண்ணினது. பேச்சுக்காக 1999-ல் தரப்படுத்தின முறை. நிமிஷத்துக்கு 100 கேபி கூட வராது. ஆண்ட்ராய்டுக்கு இது தெரியும்.

2) டபிள்யூஎம்ஏ - 15. கையடக்க ரெக்கார்டரில் எடுத்தது. மைக்ரோசாஃப்ட் சரக்கு. ஆண்ட்ராய்டு தானாகப் படிக்கும் பட்டியலில் இது கிடையாது.

3) ஆர்எம் - 7. ரியல் ஆடியோ. டயல்-அப் காலத்து ராஜா, 1995-ல் வந்தது. பிரௌசிங் சென்டரில் யாரோ கேசட்டிலிருந்து இப்படி மாற்றிக் கொடுத்திருக்காங்க.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தர், "பேருக்குப் பின்னாடி எம்பி3-ன்னு மாத்திட்டா போதும் சார்" என்று யோசனை சொன்னார். மிளகாய்த்தூள் டப்பாவில் காபித்தூள்னு எழுதி ஒட்டினா காபி வருமா? :-) உள்ளே இருப்பது மாறாதே.

நான் செஞ்சது சுலபம். விஎல்சி போட்டேன். இலவசம், விளம்பரமும் கிடையாது. எந்தெந்த முறையில் பதிவானதோ அதையெல்லாம் படிக்கிற வித்தையைத் தன்னோடயே எடுத்துட்டு வருது. 43-ம் ஓடிச்சு. மாமா ரெண்டு நாள் யாரோடயும் பேசலை, ஹெட்போனும் கையுமாவே இருந்தார்.

அதோட முடிஞ்சிருந்தா நானும் எழுதியிருக்க மாட்டேன். தை மாசம் மாமாவைப் பச்சைமலைக்குக் கூட்டிட்டுப் போனேன். வளைவுகள் ஏற ஏற சிக்னல் காலி. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாலாட்டைப் போட்டார். பாடின அம்மா இப்போ இல்லை. வாசலில் கிழங்கு வெட்டிக்கிட்டிருந்த அவர் மகள் அரிவாளைக் கீழே வச்சுட்டு வந்து நின்னாங்க. பாட்டு முடியறவரை ஒரு வார்த்தை பேசலை.

பேத்திதான் கேட்டது: "சார், அம்மாயி பாட்டை எங்க அம்மா போன்ல ஏத்தித் தருவீங்களா?"

அந்த அம்மா கையில் இருந்தது பட்டன் போன். விஎல்சி போட வழியில்லை. என் பிரச்சினை தீர்ந்தது, அந்த அம்மா பிரச்சினை தீரலை.

அப்பதான் உறைச்சது. எந்த ஃபார்மட்டில் வைக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது என் போன் இல்லை. கேட்கப் போறவங்கள்லயே சாதாரண போன் யார்கிட்ட இருக்கோ, அந்த போன்தான். பட்டன் போன் வரைக்கும் பாடுகிறது இன்னிக்கும் எம்பி3-தான். அதுக்கு லைசென்ஸ் தொல்லையும் 2017-லயே முடிஞ்சாச்சு.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் எஃப்எஃப்எம்பெக் வச்சு 43-க்கும் எம்பி3 பிரதி எடுத்தேன். ஒரே குரல்தானே, மோனோ போதும். மூல ஃபைல்களைத் தொடலை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கொஞ்சம் தரம் குறையும், அதனால எப்பவும் மூலத்திலிருந்துதான் எடுக்கணும். பெரிய சைஸில் மாத்தினா தெளிவாயிடும்னும் நினைக்காதீங்க. தண்ணி கலந்த பாலை அண்டாவில் ஊத்தினாலும் அது தண்ணிப் பால்தான்.

அடுத்த மாசம் மெமரி கார்டோடு போனோம். இப்போ அந்தத் தாலாட்டு மலையில் நாலைஞ்சு போனில் இருக்காம். ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரே டிஸ்க்கில் இருந்ததைவிட இது பத்திரம்.

உங்க வீட்டு அலமாரியிலும் செத்துப் போன நோக்கியா ஒண்ணு கிடக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை அதுக்கு ஒரு சார்ஜர் தேடிப் பிடிங்க. யார் குரல் உள்ளே இருக்கோ, யார் கண்டா.