முதல் பந்தயம்

சென்ற வருடம் பாதியில் நின்றுபோனவன் என் மகன். அதனால் இந்த ஏப்ரலில், டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் நடந்த சீசனின் முதல் டிரையத்லானுக்கு நாங்களும் போனோம். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், எல்லாம் ஒரே மூச்சில். மைல் கணக்கில் மொத்தம் 70.3.

அங்கே மேடே கிடையாது, கடல்காற்றுதான் மேடு. எதிர்காற்றில் சின்னப் பையன்கள் எல்லாம் அவனை முந்திப் போனார்கள். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஓட்டத்தின் கடைசியில் அவர்களில் சிலர் நடந்தார்கள். இவன் ஓடியே வந்து சேர்ந்தான்.

"சைக்கிள்ல மிச்சம் பிடிச்சாத்தான்பா ஓட்டத்துக்குக் கால் இருக்கும்" என்றான்.

மாதக் கடைசியை நினைத்தே சம்பளத்தைச் செலவழித்த நமக்கு இது தெரியாதா என்ன!