அம்மாவின் பணத்தில் நான் பெயர்த்து வந்த வீடு

அம்மாவின் ஊழியர் சேமநிதிப் பணத்தை நான் வீணாக்கினேன். தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த பணம் அது. சிரம்பான் தெமியாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் அவருக்கென்று ஓர் அறையும் கழிப்பறையும் கட்டித் தருகிறேன் என்று சொல்லி வாங்கினேன். ஆனால் கட்டவில்லை. வேறோர் இடத்தில் நின்ற ஆயத்த வீட்டை விலைக்கு வாங்கி, பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதையும் வீட்டில் மறைத்தேன். பணம் போனதைவிட மறைத்தது பெரிய குற்றம். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா தொடக்கத்திலேயே வேண்டாம் என்றார். "லயத்துல இருந்த காலம் பூரா தகரச் சத்தம் கேட்டாச்சுய்யா. சின்னதா இருந்தாலும் கல்லு வீடா ஒரு ரூம்பு கட்டு. படி வேணாம், முட்டி தாங்காது." இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்கோ விலைதான் கண்ணில் பட்டது. ஒரு வீடமைப்புத் திட்டத்தின் விற்பனை அலுவலகமாக இருந்த கேபின் அது. இரும்புச் சட்டம், பலகச் சுவர், இரண்டு துண்டாகப் பிரியும் அமைப்பு. விலையைக் கேட்டவர்கள் எல்லாம் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

அம்மாவை மடக்க ஒரு சான்றையும் தேடிப் பிடித்தேன். சிரம்பான் கலை பண்பாட்டுப் பூங்காவில் நிற்கும் அம்பாங் திங்கி அரண்மனையை அவருக்குத் தெரியும். 1860-களில் குவாலா பிலாப் பக்கம் கட்டப்பட்ட மர வீடு. அதைக் கழற்றிச் சிரம்பான் ஏரித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் மறுபடியும் கழற்றி இப்போதுள்ள இடத்தில் எழுப்பினார்கள். அதே பூங்காவில் உள்ள நெகிரி செம்பிலான் வீடு 1898-இல் கட்டப்பட்டது. 1924-இல் லண்டன் வெம்பிளி கண்காட்சி வரை போய்த் திரும்பிய வீடு. "அரண்மனையே ரெண்டு தடவ எடம் மாறியிருக்கு, இந்தக் கேபின் மாறாதாம்மா?" என்று கேட்டேன். அம்மா பேசாமல் இருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாதம் தவறு என்பது பிறகுதான் உறைத்தது. பழைய மலாய் மர வீட்டில் தூணும் உத்தரமும் துளையும் முளையுமாகச் சேர்ந்து நிற்கும். இடைவெளியில் மர ஆப்பு இறங்கியிருக்கும். ஆப்பைத் தட்டி எடுத்தால் மரத்துக்குச் சேதமில்லாமல் பிரியும், மறுபடி சேரும். கழற்றிச் சேர்ப்பது அந்தக் கட்டுமானத்துக்குள்ளேயே இருக்கிறது. கெடாவிலிருந்த பெங்ஹுலு அபு செமான் வீட்டை 1990-களின் நடுவில் மலேசிய மரபுக் காப்பு அமைப்பு கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்தத் தொழில் தெரிந்தவர்களைக் கொண்டுதான். அங்கே காப்பாற்ற வேண்டியது அந்த வீடே. வேறொன்று அதற்கு ஈடாகாது. செலவு அதிகமானாலும் அது நியாயம். என் கேபினுக்கு அப்படி என்ன மதிப்பு? அதைப் போலப் புதிதாக ஒன்றை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

என் கேபினின் சுவர், இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பலகம். தகட்டைத் துளைத்து இறங்கும் திருகாணிகள்தான் அதைச் சட்டத்தோடு பிடித்திருந்தன. ஒவ்வொரு திருகாணியின் தலைக்கடியிலும் ஒரு ரப்பர் வளையம். வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்த அவை, கழற்றும்போது பொடிப்பொடியாக உதிர்ந்தன. துளைகள் அகன்றுவிட்டன, பழைய திருகாணியைத் திரும்பப் போட்டால் பிடிக்கவில்லை. ஒரு சுற்று பெரிய திருகாணி, புதிய வளையம், மூட்டுக்கு மூட்டு சிலிக்கான் பூச்சு என்று போனது. தரையில் ஒட்டியிருந்த வினைல் விரிப்பை உரித்தபோது கழிப்பறை ஓரத்து ஒட்டுப்பலகை கறுத்து ஊறிப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. வாங்குவதற்கு முன் ஒரு மூலையை உரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அதோடு முடியவில்லை. எங்கள் சந்தின் வளைவில் நீளமான லோரி திரும்பாது. சின்ன லோரியும் தனிக் கிரேனும் பிடிக்க வேண்டியதாயிற்று. சரிவான இடம் என்பதால் கான்கிரீட் மேடைகளை ஒரு பக்கம் உயர்த்த வேண்டியிருந்தது. மட்டம் கொஞ்சம் பிசகியதில் கதவு சாத்த மறுத்தது. மின் கம்பிகளை முழுக்க மாற்றினோம். எல்லாம் முடிந்த பிறகுதான் அனுமதியைப் பற்றி யோசித்தேன். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் குடிசையும் கொட்டகையும்கூடக் கட்டடம்தான். சக்கரத்தில் வந்தது, கிரேனில் இறங்கியது என்பதெல்லாம் அங்கே செல்லாது. அனுமதி முதலில், கட்டடம் பிறகு. நான் தலைகீழாகச் செய்தேன். வரைபடத்துக்கும் விண்ணப்பத்துக்கும் தனியாகச் செலவழித்தேன்.

கூட்டிப் பார்த்தால், வீட்டை வாங்கக் கொடுத்ததைவிட அதை நகர்த்தி நிற்க வைக்கக் கொடுத்தது அதிகம். மொத்தத் தொகையில் அம்மா கேட்ட கல்லு வீட்டு அறையைக் கட்டியிருக்கலாம். அண்ணன் கேட்ட ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசிச் செலவு என்றேன். கிரேன் வாடகையைக் கடன் அட்டையில் போட்டேன். ரசீதுகளைக் காருக்குள் வைத்துப் பூட்டினேன். கெட்டிக்காரன் என்ற பெயரைக் காப்பாற்ற அம்மாவின் பணத்தை இறைத்தேன் என்பதுதான் உண்மை.

கேபின் மேடைமேல் நிற்பதால் உள்ளே போகப் படி ஏற வேண்டும். முட்டி வலிக்காரருக்காகக் கட்டுவதாகச் சொன்ன அறைக்கு நான் படி வைத்தேன். பகலில் உள்ளே வெக்கை. மழை பெய்தால் பழைய லயத்துச் சத்தம். அம்மா பகல் முழுக்கப் பெரிய வீட்டு அஞ்சடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஆயத்த வீட்டை இடம் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கழற்றாமல் முழுதாக லோரியில் ஏறுமானால், அடிச்சட்டம் துருப்பிடிக்காமல் இருக்குமானால், போகும் வழி அகலமாக இருக்குமானால், அனுமதி கையில் இருக்குமானால், சில ஆண்டுத் தேவைக்கு அது லாபம்தான். கட்டுமான இடத்து அலுவலகத்துக்கும் தோட்டத்துச் சாமான் கொட்டகைக்கும் அது போதும். ஆயுள் முழுக்க ஒருவர் வாழ வேண்டிய அறை என்றால் கணக்கு வேறு. கழற்றல், லோரி, கிரேன், மேடை, மின்சாரம், அனுமதி எல்லாவற்றையும் வாங்கும் விலையோடு கூட்டுங்கள். அது புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. யாருக்காக வாங்குகிறோமோ அவர் என்ன கேட்டார் என்பது அந்தக் கணக்கையும்விட முக்கியம்.

ரசீதுகளை எடுத்துப் போய் அண்ணன், அக்கா, அம்மா மூவர் முன்னாலும் வைத்தேன். அண்ணன் கோபப்பட்டார், அது நியாயம். அம்மா, "போனது போவட்டும், மறைக்காம இருந்திருக்கலாம்ல" என்றார். கேபினை விற்கப் பேசி வருகிறேன். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அம்மாவின் கணக்குக்குப் போகிறது. முழுத் தொகை சேர்ந்ததும் படியில்லாத அறையைக் கட்டுவேன். இந்த முறை ஒவ்வொரு ரசீதும் அம்மா கைக்குத்தான் முதலில் போகும்.