மவுண்ட் பிளசன்ற் கிராமத்தின் வரிப் பேரம்

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையோரமாக மவுண்ட் பிளசன்ற் என்றோர் ஊர் உண்டு. சட்ட வழக்கில் அது ‘கிராமம்’ என்னும் தரத்ததாயினும் ஏறத்தாழ 26,000 மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர். 2017ஆம் ஆண்டு வரை அதன் பெயரை அயல் மாநிலத்தார்கூட அறிந்திருந்தார் என்பதற்கில்லை.

அவ்வாண்டு ஜூலையில், தாய்வானின் பொக்ஸ்கொன் நிறுவனம் ஆயிரங்கோடி டொலர் முதலிட்டு, தொலைக்காட்சித் திரைகள் செய்யும் ஆலையை விஸ்கொன்சினில் நிறுவி, 13,000 பேர் வரை வேலைக்கமர்த்தும் என வெள்ளை மாளிகையில் அறிவிக்கப்பட்டது. மாநிலம் அதற்கு ஈடாக வழங்க இசைந்தது ஏறத்தாழ 300 கோடி டொலர். இதனை வரிச்சலுகை என்றே யாவரும் வழங்கினர். ஆனால், அம்மாநிலத்தில் உற்பத்தித் தொழிலின் வருமானத்துக்கு ஏலவே வரி இல்லையென்னும் அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தது. கழிப்பதற்கு வரி இல்லாதவிடத்து, சலுகை என்பது திறைசேரியிலிருந்து செல்லும் ரொக்கமே. இப்பணத்தை மீட்க 2043ஆம் ஆண்டளவும் செல்லும் என மாநிலச் சட்டசபையின் நிதியலுவலகமே கணித்துக் கூறியிருந்தது.

கிராமசபையின் பங்கு வேறு வகையினது. சபை ஒரு நிலப்பரப்பை எல்லையிட்டு, அதன் அன்றைய பெறுமதியைக் குறித்துக்கொள்கிறது. பின்னர் ஆலை எழுந்து பெறுமதி உயரும்போது, அவ்வுயர்வினால் வரும் ஆதன வரி (எம்மவர் சோலைவரி என்பது) பாடசாலைகளுக்கும் ஏனைய சபைகளுக்கும் பகிரப்படாது, நிலம் வாங்கவும் வீதி, நீர்க்குழாய் அமைக்கவும் பட்ட கடனை அடைப்பதற்கே ஒதுக்கப்படுகிறது. முறை பிழையானதன்று, பல ஊர்களில் அது பயனளித்துமிருக்கிறது. எனினும் கடன் முன்னே வருகிறது. வரி பின்னே வரவேண்டியிருக்கிறது. கிராமமும் அது அடங்கிய றசீன் மாவட்டமும் 76 கோடி டொலருக்கு மேற்பட்ட பொறுப்பை ஏற்றன.

நிலத்தைப் பெறுவதற்காக, 2018 ஜூனில் சபை அப்பரப்பைப் ‘பாழ்பட்ட பகுதி’ எனப் பிரகடனஞ் செய்தது. கோவாவும் சோளமும் விளைந்த தோட்டங்களும், மனிதர் குடியிருந்த நல்ல வீடுகளும் ஒரு தீர்மானத்தால் பாழாயின! பெரும்பாலோர் விலையைப் பெற்று வெளியேறினர், சிலர் வழக்காடினர். அதே மாதத்தில் ஜனாதிபதி டொனால்ட் ட்றம்ப் மண்வெட்டி பிடித்து அடிக்கல் விழாவை நடத்தி, ஆலையை உலகின் எட்டாவது அதிசயம் எனப் புகழ்ந்தார்.

அதிசயம் நிகழவில்லை. திட்டம் முதலில் சிறிய வகை ஆலையாகச் சுருங்கியது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. 2020 ஒக்டோபரில் மாநிலம் சலுகைப் பணத்தை மறுத்தது. 2021 ஏப்ரலில் எழுதப்பட்ட புதிய உடன்படிக்கையில் 13,000 வேலைகள் 1,454 ஆயின. முதலீடு 67 கோடியே 20 இலட்சம் டொலராயிற்று. சலுகையின் உச்சவரம்பும் எட்டுக் கோடியாகக் குறைந்தது.

இவ்விடத்தே கருதத்தக்கது ஒன்றுண்டு. வேலை எண்ணிக்கையோடு பணத்தைப் பிணைத்திருந்தமையால் மாநிலம் பெரும்பணத்தைக் காத்துக்கொண்டது. கிராமத்துக்கு அந்த வசதி இல்லை. வீதி போட்டாயிற்று, குழாய் பதித்தாயிற்று, வீடுகளும் இடிக்கப்பட்டாயிற்று. அதற்குக் காப்பாக நின்றது உடன்படிக்கையின் ஒரு வாசகமே. ஆலை எழுந்தாலும் எழாவிட்டாலும், 2023 முதல் அந்நிலத்தின் பெறுமதி 140 கோடி டொலருக்குக் குறையாதெனக் கொண்டு நிறுவனம் வரி செலுத்த வேண்டும் என்பது அவ்வாசகம். விழா மேடையில் எவரும் அதனை எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை. மண்வெட்டி பிடித்தோரைவிட, அதனை எழுதுவித்தவரே அவ்வூருக்கு நன்மை செய்தவர் எனலாம். ஆயினும் அவ்வாசகம் கடனைக் காக்கவல்லதேயன்றி, வீட்டைத் திருப்பித் தரவல்லதன்று. 2021இல் உடன்படிக்கையைத் திருத்தியோர் மாநிலமும் நிறுவனமுமே. வீடிழந்தோர் அதில் ஒரு தரப்பினராக இருக்கவில்லை.

2023இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் அங்கு நிலம் வாங்கியது. மறு ஆண்டு மே மாதத்தில், 330 கோடி டொலர் செலவில் தரவு நிலையம் அமைப்பதாக அறிவித்தது. நிலமும் நீரும் மின்சாரமும் மிகுதியாக வேண்டும் தொழில் அது. ஆட்கள் அத்துணை வேண்டியதில்லை. அத்தகைய நிலையங்களுக்கு விற்பனை வரி விலக்களிக்கும் ஏற்பாட்டை விஸ்கொன்சின் சட்டசபை 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே நிறைவேற்றியிருந்தது.