முகம் போனாலும் முகவரி வேணும்!

ரோமானியக் காசுன்னதும் தங்கம், வெள்ளி, அகஸ்டஸ், மிளகு மூட்டைன்னு பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் ஞாபகம் வருதா? நான் சொல்லப்போறது அந்தப் பணக்காரக் காசுகளைப் பத்தி இல்லை, ஃப்ரெண்ட்ஸ்! அதுக்கு முந்நூறு, நானூறு வருஷம் கழிச்சு வந்த, சட்டைப் பொத்தான் சைஸ் செப்புக் காசுகள். கி.பி. 4, 5-ம் நூற்றாண்டுச் சரக்கு. கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரைப் பக்கமும் நிறையக் கிடைச்சிருக்கு. இதுக்குன்னே இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல் ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே எழுதினார்.

கரூரில் காசு சேகரிக்கும் பெரியவர் ஒருத்தர், "இது யாருன்னு கண்டுபிடி பாக்கலாம் கண்ணு"ன்னு ஒண்ணை என் உள்ளங்கையில் வெச்சார். ராஜா முகம் மொத்தமும் தேய்ஞ்சு போயிருந்தது. இன்ஜினீயரிங் பையன்கிட்ட வேற என்ன ஆயுதம் இருக்கும்? வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். 13 மில்லிமீட்டர்.

இந்தக் காசுகளை முதலில் சைஸ் வெச்சுத்தான் பிரிப்பாங்க. 25 மி.மீ.க்கு மேல இருந்தா முதல் வகை. 17-க்குக் கீழே போனா நாலாவது, கடைசி வகை. நம்ம ஆள் கடைசி பெஞ்ச்!

அடுத்து, முகத்தை விட்டுட்டுப் பின்பக்கம் பார்க்கணும். ஏன்னா, இந்தக் காசுகளில் ராஜாக்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மூஞ்சிதான். படம்தான் காலத்தைச் சொல்லும். ரெண்டு சிப்பாய், நடுவுல ரெண்டு கொடிக்கம்பம்னா 330-ஐ ஒட்டி. ஒரே கம்பம்னா 335-க்கு அப்புறம். குதிரையோடு விழுற எதிரியை வீரன் ஈட்டியால் குத்தினா 348-க்குப் பிறகு. நம்ம காசில் டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பார்த்தா... சிறகு வெச்ச உருவம் ஒண்ணு கைதியை இழுத்துட்டுப் போகுது. வெற்றித் தேவதை! இந்தப் படம் 388-ல் ஆரம்பம். பெரும்பாலும் நாலு பேர் காசுல வரும்: இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ். ஓரத்தில் மிச்சம் இருந்தது மூணே எழுத்து: சி, ஏ, டி. மத்த மூணு பேர் பெயரிலும் அந்த வரிசையே கிடையாது. மாட்டிக்கிட்டார் ஆர்க்கேடியஸ்!

நான் துள்ளினதைப் பார்த்துப் பெரியவர் சிரிச்சார். "ஆர்க்கேடியஸ் ஒண்ணும் அபூர்வம் இல்லை கண்ணு. இந்தக் கவரைப் படி." கவரில் அமராவதிக் கரையில் காசு கிடைச்ச இடமும் தேதியும் இருந்தது. "இதுதான் அபூர்வம்."

யோசிச்சுப் பார்த்தா சுரீர்னுது. இதே மாதிரிக் காசுகள் ஐரோப்பாவில் மண்ணோடு மண்ணா, கிலோக் கணக்கில் கிடைச்சு, இன்டர்நெட்டில் கூறு கட்டி விற்பனையாகுது. அந்தக் கவர் தொலைஞ்சா, இதுவும் அந்தக் கூறில் ஒண்ணு. கவர் இருந்தா, நம்ம ஊருக்கும் ரோமுக்குமான தொடர்பு அகஸ்டஸ் காலத்து மிளகோடு முடிஞ்சுடலைங்கிறதுக்குச் சாட்சி! மூணு எழுத்தை வெச்சு ராஜாவைக் கண்டுபிடிச்சுடலாம். ஊரைத் தொலைச்சுட்டா, எந்த டார்ச் அடிச்சும் திரும்ப வராது.

அதனால, ஆற்றில் பச்சை ஏறின காசு கண்ணில் பட்டா, தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. பச்சையோடு எழுத்தும் போயிடும். கிடைச்ச இடத்தை உடனே எழுதி வைங்க. மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878-லேயே சட்டம் போட்டாச்சு.

முகம் தேய்ஞ்ச ராஜாவுக்கு முகவரியாவது மிஞ்சட்டும், பாஸ்!