கொஸ்லந்தவில் இரண்டு இரவு

கொஸ்லந்தவுக்குப் போகிறோம் என்று சொன்னபோது ஹொஸ்டலில் வந்த கேள்விகள் இரண்டே இரண்டுதான். "தியலுமவுக்கா?" என்று பாதிப் பேர். "மண்சரிவு வந்த இடமெல்லோ?" என்று மீதிப் பேர். மூன்றாவது கேள்வி ஒருவருக்கும் வரவில்லை. எங்களுக்கும்தான்.

நாங்கள் ஒரே ரூமில் இருக்கும் நாலு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருஷம். மூன்று பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தோட்டம். அவள் எங்கள் வீடுகளுக்கு மூன்று தரம் வந்துவிட்டாள், நல்லூர்த் திருவிழா உட்பட. நாங்கள் அவள் வீட்டுக்குப் போனது இதுதான் முதல்தரம். இந்தக் கட்டுரையை அவளையும் சேர்த்து 'நாங்கள்' என்று எழுதத்தான் தொடங்கினோம். வாசித்துப் பார்த்துவிட்டு, "என்னைய வெளிய எடுத்துருங்க" என்றாள். ஆகவே இனி வரும் 'நாங்கள்' மற்ற மூன்று பேர் மட்டுமே.

பேராதனையிலிருந்து அப்புத்தளைக்கு ரயில். சீட் கிடைக்கவில்லை, கதவடியில் நின்றுகொண்டே போனோம். அப்புத்தளையில் எங்களோடு இறங்கிய வெள்ளைக்காரர்கள் லிப்டன் சீட் பார்க்க ஓட்டோ பிடித்தார்கள். நாங்கள் பெரகலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து வெல்லவாய பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் போகிற அதே ஏ4 பாதைதான். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் கீழே வெயிலில் கிடக்கும் சமவெளி. அப்புத்தளையில் போட்ட ஸ்வெட்டரைக் கொஸ்லந்தவில் கழற்றிவிட்டோம்.

டவுன் என்றால் ஒரு தெருதான். பத்து நிமிஷத்தில் நடந்து முடிக்கலாம். சிங்களத்தில் கொஸ் என்றால் பலா, லந்த என்றால் பற்றைக்காடு. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சனங்கள் சாமான் வாங்க இறங்கி வந்திருந்தார்கள். கடைக்காரர் சிங்களத்தில் விலை சொல்ல, வாங்குகிறவர் தமிழில் பேரம் பேச, இடையில் இரண்டு பேரும் பாஷையை மாற்றிக்கொள்கிறார்கள். யாருமே அதைக் கவனிப்பதாய்த் தெரியவில்லை. கம்பஸில் இதற்கு 'நல்லிணக்கம்' என்று பெயர் வைத்து வேர்க்‌ஷொப் நடத்துவார்கள்.

அவளுடைய வீடு லயத்தில் கடைசிக் காம்பரா. இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அறை எடுத்திருந்தார்கள். அவளுடைய அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்போடு ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் அரைத்து வைத்திருந்தா. "சாப்புடுங்க சாமி, கூச்சப்படாதீங்க" என்று தட்டு காலியாகக் காலியாகப் போட்டுக்கொண்டே இருந்தா. பிறகு சாயத்தண்ணி. எங்கள் வீடுகளில் குடிக்கிற தேத்தண்ணியை விடக் கடுப்பு. நல்ல தூள் எல்லாம் பெட்டியில் போய்விடும், தோட்டத்துக்குக் கிடைப்பது டஸ்ட் என்றா.

அப்போதுதான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அம்மா, உங்கட சொந்த ஊர் எது?"

"கொஸ்லந்ததான்."

"இல்ல, இந்தியாவில?"

சாதாரணமாகத்தான் கேட்டாள், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அதனால்தான் இது இன்னும் மோசம் என்று இப்போது படுகிறது. எங்களிடம் யாராவது "ஒறிஜினலா எந்த ஊர்?" என்று கேட்டால், வல்வெட்டித்துறை, புங்குடுதீவு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வோம். அதற்குப் பின்னால் இன்னொரு கடல் தாண்டிக் கேள்வி வராது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க எங்களுக்கு யாரு இருக்கா சாமி? எங்கம்மா கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு கப்பல்ல போனாங்க. நீலகிரி பக்கமுன்னு ஒரு கடுதாசி வந்துச்சு. பெறகு வரல" என்றா.

1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 இலட்சம் பேர். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கினவர்கள்தான் நாங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் பலருக்கு நீலகிரியிலும் தேயிலைதான் வேலையாய்க் கிடைத்தது என்பதும் தெரியும். அந்த ஐந்தேகால் இலட்சத்தில் இரண்டு பேர் எங்கள் ரூம்மேட்டின் பாட்டியோடு கூடப் பிறந்தவர்கள் என்பதைத்தான் தெரிந்துவைத்திருக்கவில்லை.

அன்றிரவு அவள் எங்களோடு பேசவில்லை. "நான் உங்க கூடச் சேர்ந்து அந்தக் கேள்வியக் கேக்கல" என்று பிறகொரு நாள் சொன்னாள். பெயரை வெளியே எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மறுநாள் தியலும. கீழே மெயின் றோட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பது ஒரு வகை. 220 மீற்றர், நாட்டின் இரண்டாவது உயரமான அருவி, கழுத்து நோகும். எல்லாரும் போட்டோ போடுகிற இயற்கைத் தடாகங்கள் மேலே இருக்கின்றன. அதற்குக் கொஸ்லந்தவில் பூனாகலை றோட்டில் திரும்பி, மாகல்தெனிய போய், பிறகு மானாப்புல்லுக்குள்ளால் நடக்க வேண்டும். ஓட்டோவில் போகும்போது ஒரே மாதிரியான சின்ன வீடுகள் தெரிந்தன. "யாருடைய வீடுகள்?" என்று கேட்டோம். "மீரியபெத்த ஆக்கள்" என்றாள்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை மீரியபெத்தவில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் நாட்களில் இருநூறு, முந்நூறு என்று செய்தி வந்தது. கடைசியில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நாற்பதுக்குக் கிட்ட என்றார்கள். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. தப்பினவர்கள் பாடசாலைகளிலும், பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். மாகல்தெனிய வீடுகள் கைக்கு வந்தது 2016இல்.

தண்ணிக்குள் கால் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள், நாங்கள் கேட்காமலே. அன்றைக்கு அவள் ஸ்கூலில் இருந்தாளாம். வீட்டிலிருந்து நேரத்தோடு ஸ்கூலுக்கு வந்ததால் பிழைத்த பிள்ளைகள் அவள் வகுப்பிலும் இருந்தார்கள். "வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. சில பேருக்கு வீடு இல்ல." பிறகு லொறி லொறியாய் உடுப்பு வந்தது. மலை மாதிரிக் குவிந்ததில் பாதிக்கு மேல் போட முடியாதவை. ஜிமிக்கி தைத்த கல்யாண வீட்டுச் சட்டை, கிழிந்த பெனியன், ஒற்றைச் சப்பாத்து. "யாரு இதையெல்லாம் குடுத்தாங்கன்னு பாத்துச் சிரிச்சோம்" என்றாள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷம் எங்கள் வகுப்பிலும் மலையகத்துக்கென்று உடுப்பு சேர்த்தார்கள். எங்களில் ஒருத்தி கொடுத்தது இறுக்கமாய்ப் போன ஒரு பிறந்தநாள் ஃப்ரொக். அதை அன்று அங்கே சொல்ல வாய் வரவில்லை. இதை வாசித்துத்தான் அவளுக்குத் தெரியும்.

அவர்களுடைய லயத்தையும் ஆபத்தான இடம் என்று வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறு வீடு இன்னும் இல்லை. மழை பிடித்தால் எல்லாரும் கோயிலுக்குப் போய்ப் படுப்பார்களாம்.

முதலாம் வருஷத்திலிருந்து எங்களுக்கு அவளோடு ஒரு சண்டை உண்டு. மழை பெய்யும் இரவுகளில் ஃபோனை அணைக்க மாட்டாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று கத்துவோம். ஒருநாள் வோர்டனிடம் சொல்வதாய்க்கூட மிரட்டினோம். யாரோ பெடியனோடு சட் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்திருந்தோம்.

போன கிழமை பேராதனையில் விடாத மழை. விளக்கை அணைத்துவிட்டோம், ஒருவரும் தூங்கவில்லை. பதினொன்றரைக்கு ஃபோன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க மழ இல்ல சாமி. தூங்கு. அந்தப் புள்ளைங்க சாப்புட்டாங்களா?"